பட்டியலை எழுதுவது யார்?

துணை மின்நிலையத்தில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த ஆள் கணினி விளையாட்டைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறான் என்று இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியது அல்ல, ஒரு பட்டியலைப் பற்றியது. இன்றைக்கு என்னென்ன வேலை பாக்கி, எது முடிந்தது, எது முடியவில்லை என்று நாம் எல்லோரும் ஏதோ ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்போமே, அதே சாதாரணப் பட்டியல்தான். அது ஒரு கணினி விளையாட்டுக்குள்ளே, அங்கே கட்டிய ஒரு வீட்டுச் சுவரில், அந்தச் சுவரில் பதித்த ஒரு மானிட்டரில் ஓடுகிறது. அதை ஓட்டுகிற நிரலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்.

இது எப்படி நடந்தது என்று தேடிப் படிக்கப் போய், பிரேசில் நாட்டின் ஒரு இறக்குமதிக் கட்டுப்பாட்டில் போய் நின்றேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கணினி தெரியாதவர்களும் பயப்படாமல் படிக்கலாம். புரியாத சொல் வந்தால் அங்கேயே விளக்கிவிடுகிறேன்.

உத்தரவு போடும் திரை

விளையாட்டுக்குள் கணினித் திரை என்பது புதிதல்ல. 1994 டிசம்பரில் பங்ஜி என்ற அமெரிக்க நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிகளுக்காக 'மாரத்தான்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மாரத்தான் என்பது அதில் வரும் விண்கப்பலின் பெயர். விளையாடுகிறவர் அந்தக் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி. கப்பலின் சுவர்களில் ஆங்காங்கே கணினித் திரைகள் இருக்கும். அருகில் போய் இயக்கினால் எழுத்துகள் வரும். கப்பலை நடத்தும் செயற்கை அறிவு அதன் வழியாகப் பேசும். இன்ன இடத்துக்குப் போ, இன்ன கருவியை இயக்கு, இன்ன ஆட்களைக் காப்பாற்று என்று வேலைகளைச் சொல்லும்.

சொல்லப்போனால் அதுவும் வேலைப் பட்டியல்தான். ஆனால் எழுதியவர் விளையாட்டைத் தயாரித்தவர். விளையாடுகிறவர் அதைப் படிக்கலாம், கீழ்ப்படியலாம். திரையில் ஒரு எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. அலுவலகத்தில் மேலதிகாரி ஒட்டிவிட்டுப் போகும் சுற்றறிக்கை மாதிரி. அந்தக் காலத்தில் எல்லா விளையாட்டிலும் இதுதான் நிலைமை. திரை ஒன்று இருந்தால் அது உத்தரவு போடும்.

அந்தத் திரை விளையாடுகிறவர் கைக்கு வர இன்னும் 17 வருடம் ஆனது. வருவதற்குக் காரணமாக இருந்த கருவி ஒரு சின்ன நிரல்மொழி. அது மாரத்தானுக்கு ஒரு வருடம் முன்பே பிறந்துவிட்டது, விளையாட்டுக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு இடத்தில்.

எண்ணெய்க் கம்பெனியும் நிலவும்

1977 முதல் 1992 வரை பிரேசிலில் கணினிக்கும் மென்பொருளுக்கும் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. நம் நாட்டாலேயே இவற்றைச் செய்ய முடியும், செய்யவும் வேண்டும் என்ற தேசிய உணர்வுதான் அதற்குப் பின்னால் இருந்த காரணம். வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்க வேண்டுமானால், அது உள்நாட்டில் கிடைக்காது என்று காகிதம் காகிதமாக எழுதி நிரூபிக்க வேண்டும். நம் ஊரிலும் 1978-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியேறிய பிறகு இப்படி ஒரு காலம் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு அந்த 'பெர்மிட்' நாட்கள் மறந்திருக்காது.

ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1987-ல் 'டெக்கிராஃப்' என்ற கணினி வரைகலைக் குழு தொடங்கப்பட்டது. அதன் பெரிய வாடிக்கையாளர் பிரேசிலின் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ். அங்கே பொறியாளர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கும் பழைய நிரல்களுக்கு விவரம் கொடுக்க வேண்டும் என்றால், வரிவரியாக வெறும் எண்களை ஒரு கோப்பில் நிரப்ப வேண்டும். ஒரு எண் இடம் மாறினாலும் எல்லாம் வீண். இதை எளிதாக்க டெக்கிராஃப் குழு 'டெல்' என்று ஒரு சிறு மொழியை உருவாக்கியது. இன்னொரு வேலைக்காக, அதாவது நிலத்தடிப் பாறை அடுக்குகளின் அறிக்கையை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொள்வதற்காக, 'சோல்' என்று இன்னொரு மொழி. போர்ச்சுகீசிய மொழியில் சோல் என்றால் சூரியன்.

இரண்டையும் பயன்படுத்தியவர்கள் நாளாக ஆக இன்னும் கேட்டார்கள். 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்று எழுத வழி வேண்டும், 'இத்தனை தடவை திரும்பச் செய்' என்று எழுத வழி வேண்டும் என்றார்கள். அப்படியானால் முழு நிரல்மொழியே வேண்டும் என்று பொருள். 1993-ல் ராபர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் என்ற மூவர் கூடி, இரண்டு சின்ன மொழிகளையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே மொழியாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். சூரியனுக்குப் பதிலாக வருவதால் நண்பர் ஒருவர் 'லூவா' என்று பெயர் சொன்னார். லூவா என்றால் நிலவு. அதே வருடம் ஜூலையில் முதல் பதிப்பு ஓடியது. மொத்தமே 6,000 வரிகளுக்கும் குறைவான சி நிரல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த மொழி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்கள் நிரல் எழுதும் தொழில்காரர்கள் அல்ல. எண்ணெய்க் கிணறு தெரிந்த பொறியாளர்கள், பாறை தெரிந்த நிலவியலாளர்கள். தங்கள் வேலையைத் தாங்களே எழுதிக்கொள்ள ஆசைப்பட்டவர்கள். அதனால்தான் லூவாவில் புரியாத குறியீடுகளை அடுக்காமல், படித்தால் ஓரளவு புரியும் சொற்களாக வைத்தார்கள். அதில் தகவலைச் சேர்த்து வைக்க ஒரே ஒரு பாத்திரம்தான் உண்டு. அதற்குப் பெயர் 'டேபிள்', அட்டவணை. வரிசையாகப் பொருட்களை வைக்க வேண்டுமா, அட்டவணை. பெயர் சொல்லித் தேட வேண்டுமா, அதற்கும் அட்டவணை. பெரும்பாலான மொழிகள் வரிசையை 0 என்று எண்ணத் தொடங்கும். லூவா நாம் விரல்விட்டு எண்ணுவது போல 1 என்று தொடங்கும். இந்தச் சின்ன விஷயம் பின்னால் நம் பட்டியலுக்கு உதவப் போகிறது.

விளையாட்டுக்குள் நுழைந்த கதை

1996 டிசம்பரில் லூவாவைப் பற்றிய கட்டுரை ஒன்று 'டாக்டர் டாப்ஸ்' என்ற அமெரிக்க நிரலாளர் இதழில் வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் லூக்காஸ்ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் பிரெட் மொகிலெஃப்ஸ்கி. அவர்கள் 1987 முதல் தங்கள் சாகச விளையாட்டுகளுக்கு 'ஸ்கம்' என்ற சொந்தக் கருவியைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குப் பதில் லூவாவை வைத்துக்கொள்ளப் போவதாக அவர் 1997 தொடக்கத்தில் பிரேசிலுக்கு மின்னஞ்சல் எழுதினார். 1998-ல் வெளியான 'கிரிம் ஃபண்டாங்கோ' அப்படித்தான் லூவாவில் ஓடியது. மொழி சிறியது, கட்டணம் கிடையாது, எந்தப் பெரிய நிரலுக்குள்ளும் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். விஷயம் காதோடு காதாகப் பரவியது.

2004 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டை வெளியிட்டது. லட்சக்கணக்கானோர் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடும் விளையாட்டு. அதில் போகிற வழியெல்லாம் பாத்திரங்கள் வேலை கொடுப்பார்கள். பத்து ஓநாய்களை அடித்துவிட்டு வா, இந்தக் கடிதத்தை அந்த ஊரில் கொடு என்கிற மாதிரி. ஒரே சமயத்தில் 20 வேலைகள் வரை கையில் வைத்திருக்கலாம் என்பது ஆரம்ப கால விதி. அவற்றைக் காட்ட விளையாட்டிலேயே ஒரு பட்டியல் உண்டு. ஆனால் புதுமை என்னவென்றால், திரையில் அந்தப் பட்டியல் எப்படித் தெரிய வேண்டும் என்பதை விளையாடுகிறவர்களே லூவாவில் எழுதி மாற்றிக்கொள்ள நிறுவனம் அனுமதித்தது. அருகில் இருக்கும் வேலை மேலே வரட்டும், முடிந்தது பச்சையாகட்டும் என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள்.

ஆக, மாரத்தானில் பட்டியலும் தயாரித்தவர் கையில், திரையும் அவர் கையில். வார்கிராஃப்டில் பட்டியல் அவர் கையில், திரை நம் கையில். பாதி தூரம் வந்துவிட்டது. பட்டியலும் நம் கைக்கு வர வேண்டும் என்றால், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத ஒரு விளையாட்டு வேண்டும்.

கல்லும் கண்ணாடியும்

அப்படி ஒரு விளையாட்டு வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் கொடுத்த 'மைன்கிராஃப்ட்'. பேரன் பேத்தி உள்ள வீட்டில் இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. உலகமே கனசதுரக் கட்டிகளால் ஆனது. கட்டியை வெட்டலாம், அடுக்கலாம், உருக்கலாம். அங்கே யாரும் வந்து 'இதைச் செய்' என்று வேலை வைப்பதில்லை. வீடு கட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும் கோழி வளர்ப்பதும் அவரவர் இஷ்டம். 2011 நவம்பர் 18 அன்று முழுப் பதிப்பு வெளியானது.

அதற்கு அடுத்த மாதமே டேனியல் ராட்கிளிஃப் என்ற நிரலாளர் அந்த விளையாட்டுக்கு ஒரு இணைப்பு எழுதி வெளியிட்டார். பெயர் 'கம்ப்யூட்டர்கிராஃப்ட்'. விளையாட்டு உலகத்துக்குள்ளே நிஜமாக ஓடும் கணினியை வைக்கும் இணைப்பு. அங்கே கணினி செய்ய ஏழு கல் கட்டி, ஒரு சிட்டிகை ரெட்ஸ்டோன் என்ற சிவப்புத் தூள், ஒரு கண்ணாடிப் பலகை போதும். ரெட்ஸ்டோன்தான் அந்த உலகத்தின் மின்சாரம். இதைப் படித்ததும் எனக்கு அந்த விளையாட்டின் மீது ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. கணினியைத் தரையில் வைத்துத் தொட்டால் கருப்புத் திரை வரும், ஒரு வரிக்கு 51 எழுத்து, மொத்தம் 19 வரி. அதில் ஒரு அம்புக்குறி துடித்துக்கொண்டு நிற்கும். எழுத வேண்டிய மொழி லூவா. எண்ணெய்ப் பொறியாளர்களுக்காகப் பிறந்த மொழி இப்போது பத்து வயதுப் பிள்ளைகள் கையில்.

மானிட்டர் தனிக் கட்டி. எட்டுக் கல்லும் ஒரு கண்ணாடியும் சேர்த்தால் ஒன்று கிடைக்கும். கணினியின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் இணைப்பு வந்துவிடும். ஒரு கட்டி மானிட்டரில் வழக்கமான அளவு எழுத்தில் வரிக்கு 7 எழுத்துதான் கொள்ளும், 5 வரி. 'சுரங்கப்பாதை விளக்கு' என்று எழுத எங்கே இடம்? அதனால் பல கட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்க வேண்டும். தாமாக ஒன்று சேர்ந்து ஒரே பெரிய திரையாகிவிடும். அகலத்தில் 8, உயரத்தில் 6 வரை அடுக்கலாம். கல்லால் செய்ததில் வண்ணம் கிடையாது, தொட்டாலும் அதற்குத் தெரியாது. வண்ணமும் தொடு உணர்வும் வேண்டும் என்றால் கல்லுக்குப் பதில் தங்கக் கட்டி வைத்துச் செய்ய வேண்டும். நல்ல திரைக்குத் தங்கம் தோண்ட வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத பொருளாதாரம்.

பட்டியல் எப்படி ஓடுகிறது

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வேலைப் பட்டியலை எழுதுவது எப்படி? என் பேரன் இரண்டு வருடம் முன்பு எனக்குக் காட்டியதை என் பாஷையில் சொல்கிறேன்.

முதலில் கணினியிடம், உன் இடது பக்கம் ஒரு மானிட்டர் இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள் என்று சொல்ல வேண்டும். பிறகு திரையைத் துடைக்க வேண்டும். பிறகு எழுத்துமுனையை முதல் வரியின் முதல் இடத்தில் வைத்து, முதல் வேலையை எழுத வேண்டும். அடுத்த வரிக்கு இறங்கி இரண்டாவது வேலை. பட்டியல் தீரும் வரை இப்படியே. வேலைகள் எல்லாம் லூவாவின் அட்டவணையில் 1, 2, 3 என்று இருக்கின்றன. திரையின் வரிகளும் 1, 2, 3 என்றுதான் எண்ணப்படுகின்றன. ஆகவே மூன்றாவது வரியில் இருப்பது மூன்றாவது வேலை. நடுவில் கணக்கே இல்லை. மேலே தலைப்பு ஒரு வரி போட்டால் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, முடிந்த வேலையை அடிப்பது. தங்க மானிட்டரை ஒருவர் தொட்டால், கணினிக்கு ஒரு செய்தி போகும். எந்த மானிட்டர், இடமிருந்து எத்தனையாவது எழுத்து, மேலிருந்து எத்தனையாவது வரி என்ற விவரம் அதில் இருக்கும். அதுவரை நிரல் கண் மூடிக் காத்திருக்கும். செய்தி வந்ததும் வரி எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுள்ள வேலையை 'முடிந்தது' என்று மாற்றி, திரையைத் துடைத்து மறுபடி எழுதும். முடிந்தவை சாம்பல் நிறத்தில், பாக்கி வெள்ளையில். இப்படிக் காத்திருக்காமல் நிரல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால், சில விநாடிகளில் விளையாட்டே அதை நிறுத்திவிடும். ஒரு ஆள் மட்டும் கணினியைப் பிடித்துவைத்துக்கொண்டு மற்றவர்களைத் தவிக்க விடக்கூடாது என்பதற்காக.

நாற்பது ஐம்பது வரியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனால் உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான்.

நடந்து போனால் உறங்கும் உலகம்

மைன்கிராஃப்ட் உலகம் மிகப் பெரியது. முழுவதையும் ஒரே நேரத்தில் ஓட்ட எந்தக் கணினியாலும் முடியாது. ஆகவே விளையாடுகிறவருக்கு அருகில் உள்ள பகுதிகள் மட்டும் விழித்திருக்கும். அவர் தூரமாகப் போனால் பின்னால் விட்ட பகுதி உறங்கிவிடும். பயிர் வளராது, கோழி நகராது. அங்கே இருக்கும் கணினியும் அணைந்துவிடும். திரும்பி வரும்போது அது புதிதாகத் தொடங்கும். நிரலின் நினைவில் இருந்தது எல்லாம் போயிருக்கும்.

முதல்முறை பட்டியல் எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள். சுரங்கத்துக்குப் போய்விட்டுத் தங்கத்தோடு திரும்பி வந்தால், அடித்து வைத்த வேலைகள் எல்லாம் மறுபடி வெள்ளையாக நிற்கும். சில சமயம் திரையே காலியாக இருக்கும். தீர்வு இரண்டு. ஒவ்வொரு முறை பட்டியல் மாறும்போதும் அதை ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் கோப்பு அழியாது. அடுத்து, 'ஸ்டார்ட்அப்' என்ற பெயரில் ஒரு நிரல் வைத்தால், கணினி விழித்ததும் அதைத் தானாக ஓட்டும். அந்த நிரல் கோப்பைத் திறந்து பட்டியலைப் படித்துத் திரையில் போட்டுவிடும்.

நினைவில் இருப்பது வேறு, எழுதி வைப்பது வேறு. இதைப் பாடமாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. பாடுபட்ட பட்டியல் ஒருமுறை காணாமல் போனால் ஆயுசுக்கும் மறக்காது. துணை மின்நிலையத்தில் ஷிப்ட் மாறும்போது எங்களுக்கும் இதே விதிதான். வாயால் ஆயிரம் சொல்லலாம், லாக் புக்கில் எழுதாதது நடக்காதது. போகிறவன் வீட்டில் போய்த் தூங்கிவிடுவான். வருகிறவனுக்கு நோட்டுதான் பேசும்.

யார் தொட்டது?

பேரனும் அவன் நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரே உலகத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் பட்டியலில் இரும்பு 64, சுரங்கத்துக்கு டார்ச், கோழிக் கூண்டுக்கு வேலி என்று ஒன்பது பத்து வேலைகள். ஒரு நாள் வீட்டில் பெரிய சண்டை. தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தான். வேலி போடாமலேயே யாரோ வேலியை 'முடிந்தது' என்று அடித்துவிட்டார்கள், கோழிகள் எல்லாம் போய்விட்டன.

"யார் தொட்டதுன்னு கம்ப்யூட்டர் சொல்லாதாப்பா?" என்று கேட்டேன்.

"சொல்லாது தாத்தா. எந்த இடத்துல தொட்டாங்கன்னு மட்டும்தான் சொல்லும். யாருன்னு அதுக்குத் தெரியாது."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் என் தொழிலில் உயிர் நின்றதே அந்தக் கேள்வியில்தான். லைனில் வேலை செய்யப் போகிறவர் முதலில் எல்.சி. வாங்குவார், அதாவது லைன் கிளியர். நாங்கள் அந்த லைனை அணைத்து, எர்த் செய்து, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற பலகையை ஸ்விட்சில் மாட்டுவோம். எப்போது மறுபடி மின்சாரம் விடலாம்? வாங்கியவரே வந்து திருப்பிக் கொடுத்த பிறகுதான். கம்பத்தில் யாரும் தெரியவில்லை, மணி ஆகிவிட்டது, வேலை முடிந்திருக்கும் என்றெல்லாம் வேறு யாரும் சொல்லக்கூடாது. யார் வாங்கினார், யார் திருப்பினார், எத்தனை மணிக்கு, எல்லாம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 'முடிந்தது' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெயர் இல்லாவிட்டால் அது ஆளைக் கொல்லும்.

இதை அவனிடம் சொன்னேன். கோழிக்கும் கம்பத்தில் இருக்கிற மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குத் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொண்டான். நான்கு பேரும் பேசி நிரலை மாற்றினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதை ஏற்றுக்கொண்டவன் பெயரின் முதல் எழுத்து. முடித்தவன் தொட்டால் வரி மஞ்சளாகும். இன்னொருவன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தொட்டால்தான் சாம்பலாகும். தொட்டது இன்னொருவன்தானா என்று கணினியால் இப்போதும் கண்டுபிடிக்க முடியாது. அது அவர்களுக்குள் இருக்கும் வார்த்தை. எங்கள் நோட்டில் இருந்த கையெழுத்தும் கடைசியில் ஒரு வார்த்தைதானே.

ஆமையும் குழந்தையும்

ராட்கிளிஃப் தன் இணைப்பில் பின்னர் நகரும் இயந்திரம் ஒன்றையும் சேர்த்தார். நிரல் எழுதிக் கொடுத்தால் தானே நடந்து சுரங்கம் தோண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் 'டர்ட்டில்', ஆமை. அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பரம்பரை உண்டு. 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியுர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அதில் குழந்தை சொன்னபடி தரையில் நகர்ந்து கோடு போடும் இயந்திரத்துக்கு ஆமை என்றுதான் பெயர். பேப்பர்ட் 1980-ல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற நூலின் அடிப்படை வாதமே, கணினி குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தைதான் கணினிக்கு வேலை சொல்ல வேண்டும் என்பது.

அவர் பள்ளிக்கூடத்துக்காக நினைத்தது, பள்ளிக்கு வெளியே விளையாட்டில் நடந்தது. அது அந்த ஒரு விளையாட்டோடு நிற்கவும் இல்லை. செக் நாட்டின் பிராகா நகரத்தில் உள்ள கீன் நிறுவனம் 2013-ல் வெளியிட்ட 'ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்' விளையாட்டில், விண்கப்பலை நாமே கட்டி, அதற்குள் எல்.சி.டி. திரைகளை மாட்டி, அவற்றில் என்ன தெரிய வேண்டும் என்பதை சி ஷார்ப் மொழியில் எழுதலாம். கிடங்கில் இரும்பு எவ்வளவு, எது குறைகிறது, என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் திரைகள் காட்டும். மாரத்தான் கப்பலில் சுவர்த் திரை மனிதனுக்கு உத்தரவு போட்டது. இங்கே மனிதன் கப்பலைக் கட்டி, திரையை மாட்டி, தன் பட்டியலைத் தானே எழுதுகிறான். 2017-ல் ராட்கிளிஃப் தன் நிரலின் மூலத்தையே எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் அதை இன்றும் வளர்க்கிறார்கள். இப்போது பெட்டிக்குள் எத்தனை இரும்பு இருக்கிறது என்று கணினியே எண்ணிப் பார்க்க முடியும். 64 சேர்ந்தவுடன் அந்த வரி தானாகவே சாம்பலாகிவிடும், யாரும் பொய்யாகத் தொட வேண்டியதில்லை.

ஒரே ஒரு குறை. அந்த மானிட்டருக்கு 256 எழுத்துருக்கள்தான் தெரியும். அதில் தமிழ் இல்லை. தமிழில் எழுதினால் வெறும் கேள்விக்குறிகள் வரும். வேண்டுமானால் புள்ளி புள்ளியாக வைத்து எழுத்தை வரையலாம். அதனால் நம் பிள்ளைகள் 'வேலி' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். கணினிக்குத் தமிழ் வந்த கதை தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. முதலில் திரையில் எழுத்து தெரியவே பாடுபட்டோம், பிறகு ஆளுக்கொரு எழுத்துரு, பிறகு 1999-ல் சென்னையில் மாநாடு போட்டுப் பொதுத் தரம், பிறகு யூனிகோடு. எந்த நிறுவனமும் தானாக முன்வந்து கொடுத்தது கொஞ்சம்தான். வேண்டியவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டதுதான் அதிகம். இந்த மானிட்டருக்கும் ஒரு நாள் எவனாவது ஒரு பள்ளிப் பையன் அதைச் செய்வான் என்று நினைக்கிறேன்.

பிரேசில் பொறியாளர்களும் அப்படித்தான். வாங்க வழியில்லாததால் எழுதினார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் பட்ட கஷ்டம் அவர்களுக்கும் நமக்கும் தெரியும். ஆனால் தன் வேலையைத் தெரிந்தவனுக்குத் தன் கருவியைத் திருத்திக்கொள்ளும் வழியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 6,000 வரிகள் ஒரு சாட்சி.

பேரப்பிள்ளைகள் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை எந்நேரமும் திரைமுன் உட்கார்ந்திருக்கிறான் என்று நாம் எல்லோரும் குறைப்படுகிறோம். எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்க்கிறோம். அதையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நாள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, 'நீ இப்போ செய்யற வேலையை உனக்குச் சொன்னது யாரு, அந்த விளையாட்டா, நீயா?' என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டுதான் சொன்னது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'நான்தான் தாத்தா எழுதினேன்' என்று ஒரு மானிட்டரைக் காட்டினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். முடிந்தது என்று அடித்திருந்தால், யார் போய்ப் பார்த்தது என்றும் கேளுங்கள்.